ஆதாம் பிரேஷைக் கட்டிப்போட்ட இடம்

ஆதாம் பிரேஷைக் கம்பத்தில் கட்டிப்போட்டிருக்கும் நேரத்தில் அவனைச் சுற்றி எந்தத் துப்பாக்கியும் வெடிப்பதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டுப் பனிக்காலத்தில், கார்பாத்திய மலையில் ருஷ்யர்களுக்கு எதிரே பள்ளம் தோண்டிக் கிடந்த எங்கள் படைப்பிரிவில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் லிப்னிட்ஸாவில் கோயில் வாசலிலிருந்து சாராயக்கடை வாசல்வரை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்கு எங்கள் துப்பாக்கியும் வெடிக்காது, ருஷ்யர்களுடையதும் வெடிக்காது. விசையை அழுத்தினால் யாரோ நாக்கைச் சொடுக்கியது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பீரங்கிக் குண்டு பறந்து வந்து விழும். பனியில் பாதி புதைந்து, வேகாத உருளைக்கிழங்கு மாதிரி கிடக்கும். அவனை அவிழ்த்து இறக்கிவிட்டால் எல்லாம் பழையபடி வெடிக்கும். அந்தப் பனிக்காலத்தில் உப்பு வரவில்லை, கம்பளிக் காலுறை வரவில்லை, ரொட்டியில் மரத்தூள் கலந்து வந்தது. இதையும் அவற்றோடு சேர்த்து ஒரு செய்தியாகத்தான் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆதாம் எங்கள் ஊரில் பன்றி அறுப்பவன். ஹங்கேரியின் தெற்கே எங்கள் பானாத்துச் சமவெளியில் முதல் உறைபனி விழுந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அவனைக் கூப்பிடுவார்கள். ஒரே குத்து, பன்றி இரண்டாவது முறை கத்தாது. பெரிய உடம்பு, சின்னக் குரல். இருபத்தாறாவது வயதில் நசரேயர் சபையில் சேர்ந்து, வளர்ந்த ஆளாக ஆற்றில் மறுபடி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். சாராயத்தை விட்டான், புகையிலையை விட்டான், சத்தியம் செய்வதை விட்டான். அந்தச் சபைக்காரர்கள் எந்த அரசனுக்கும் கைதூக்கி உறுதிமொழி சொல்லமாட்டார்கள், ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் மற்றவர்கள் எல்லாம் லூத்தரன்கள். வாலென்த் குடும்பத்துப் பெண் யுதிதா அவனைக் கட்டிக்கொண்டு தானும் அந்தச் சபையில் சேர்ந்தபோது, அவள் அண்ணன் யுராஜ் வாலென்த் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். யுராஜ் குடிப்பவன், பாடுபவன், சண்டைக்கு முதலில் நிற்பவன். தங்கை வீட்டு வாசலை அவன் பல வருஷம் மிதிக்கவில்லை. ஆனால் பனிக்காலத்தில் தன் பன்றியை அறுக்க ஆதாமைத்தான் கூப்பிட்டான், ஏனென்றால் வேறு யார் அறுத்தாலும் தொத்திறைச்சி சரியாக வராது. அறுத்து முடிக்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

போர் வந்த ஆகஸ்டில் கோதுமை இன்னும் களத்தில் கிடந்தது. மணி அடித்து ஆண்களைக் கூப்பிட்டார்கள். நசரேயர்களில் பலருக்கு நேரே கோட்டைச் சிறை கிடைத்தது. சிறை நிரம்பிய பிறகு பிடிபட்டவர்களைப் படையோடு அனுப்பிவிட்டார்கள், குண்டுச் சத்தம் கேட்டால் புத்தி வரும் என்று. ஆதாம் அப்படித்தான் போனான். துப்பாக்கியை அவன் வாங்க மறுத்ததால் அதை அவன் முதுகில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ரயிலில் இடம் போதாமல் மற்றவர்கள் அந்தத் துப்பாக்கி முனையில் தங்கள் தொப்பிகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். யுராஜ் அதே பிரிவில் கார்ப்பொரல். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடக்க முடியாத இடத்தில் கடைசியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

பிரிவின் தலைவர் பார்ட்டோஷ் என்ற ஹங்கேரியக் கேப்டன். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ருஷ்ய பாஷைக்கு உறவான எங்கள் பாஷையை ஓரளவு பேசுவார். மலையேறிய முதல் வாரம் ஆதாமைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யுராஜ் வாசலில் காவல் நின்றான். அங்கே பேசியது அவன் வாயிலிருந்துதான் வெளியே வந்தது.

"நீ பன்னி அறுக்கிறவனாமே. ரத்தம் பாத்தா பயமா?" என்று கேட்டார் கேப்டன்.

"இல்லைங்கய்யா."

"அப்புறம் என்ன?"

"கத்தி உள்ள போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எவ்வளவு நேரத்துல கண்ணு மங்கும், கால் எப்ப நிக்கும், எல்லாம் தெரியும். தெரியாதவன் செஞ்சா தெரியாம செஞ்சான்னு விட்டுடலாம். நான் அப்படிச் சொல்ல முடியாது."

"பன்னிக்கு மட்டும் சொல்லலாமா?"

"பன்னிய அறுத்தா வீடு சாப்பிடுதுங்க. இதுல யாரும் சாப்பிடலையே."

கேப்டன் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "ருஷ்யன் உன் ஊருக்கு வந்து உன் பொண்டாட்டி கையப் பிடிச்சா?"

"குறுக்க நிப்பேன். என்னைக் கொன்னுட்டுத்தான் போகணும்."

"உன்னைக் கொன்னுட்டே போவான். அப்புறம்?"

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்கய்யா. இருக்குன்னு சொன்னா பொய். ஆனா இன்னிக்கு நீங்க சுடச் சொல்ற ருஷ்யன் யார் கையையும் பிடிக்கல. அவனையும் மணி அடிச்சுத்தான் கூப்பிட்டிருப்பாங்க."

"நீ ஒருத்தன் சுடாம இருந்தா போர் நின்னுடுமா?"

"நிக்காது. போரை நிறுத்தறேன்னு நான் சொல்லலையே. நான் மாட்டேன்னுதான் சொல்றேன்."

கேப்டன் பெருமூச்சு விட்டுவிட்டு, சட்டப்படி கம்பத்தில் கட்டச் சொன்னார். அந்தத் தண்டனை இப்படி: கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டி, கயிற்றை மேலே இழுத்து, கால் கட்டைவிரல் மட்டும் தரையில் படும்படி தொங்கவிடுவது. தினமும் இரண்டு மணி நேரம். தோள்மூட்டு முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும், அவிழ்த்த பிறகுதான் உண்மையான வலி வரும். கட்டுகிற வேலையைக் கார்ப்பொரல் யுராஜ் வாலென்த் செய்ய வேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் துப்பாக்கிகள் வெடிக்காதபோது தோட்டா நனைந்துவிட்டது என்றார்கள். மறுநாள் எண்ணெய் உறைந்துவிட்டது என்றார்கள். செருப்புத் தைக்கிற மத்தேய் ஹ்ரொன்கோதான் கவனித்துச் சொன்னான்: "டேய், பிரேஷ் தொங்கினா சுட மாட்டேங்குது. அவனை இறக்கினா சுடுது." சோதித்துப் பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது. யாரும் முழந்தாளிடவில்லை. பள்ளத்தின் வேறு மூலைகளில் இருந்தவர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்து நடந்தார்கள், சட்டையைக் கழற்றிப் பேன் பார்த்தார்கள், வெட்டவெளியில் நெருப்பு மூட்டிக் காப்பி போட்டார்கள். எதிர்ச்சரிவில் ருஷ்யர்களும் வெளியே வந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் கம்பத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தார்கள். அவன் முனகுவது கேட்டால் யாராவது சத்தமாகப் பாடுவார்கள். இறக்கியதும் ஓடிப்போய்த் தங்கள் பங்கு ரொட்டியை அவன் வாயில் ஊட்டினார்கள், கைகள் அவனுக்கு அதற்குள் பயன்படாமல் போயிருந்தன. பிறகு இரண்டு மணி நேரம் போதவில்லை. பிரேஷ் சார்ஜென்டை முறைத்தான், பிரேஷ் வணக்கம் வைக்கவில்லை என்று புகார்கள் போயின. புகார் சொன்னவர்கள் எல்லோரும் அவனை நேசித்தவர்கள். தண்டனை காலையும் மாலையும் ஆயிற்று.

ஒருநாள் யுராஜ் மச்சினனின் விரல்கள் கறுத்திருப்பதைப் பார்த்தான். குதிகால் தரையில் படும்படி கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினான். பார்ப்பதற்குத் தொங்குவது போலத்தான் இருந்தது. மத்தேய் வழக்கம்போல மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தான். ருஷ்யத் தோட்டா அவன் கழுத்தில் பாய்ந்தது. பைப் அவன் பல்லுக்கிடையில் புகைந்துகொண்டே இருந்தது. ஆதாம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வசதியாக, குதிகால் ஊன்றி நின்றான்.

மறுநாள் காலை யுராஜ் கயிற்றோடு வந்து நின்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் வேலையைத் தவிர வேறு பேசினான்.

"மாப்ள, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்காம? நீ தொத்திறைச்சி கட்டற மாதிரில்ல கட்டற."

"உன்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்." யுராஜ் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "இன்னிக்கு எப்படிக் கட்டட்டும்? நீயே சொல்லு."

"அதை என்கிட்டக் கேக்காத மச்சான். இறுக்குன்னு சொன்னா நானும் உங்க பட்டாளத்துல ஒரு வேலை பாக்கறவன் ஆயிடுவேன். தளர்த்துன்னு சொன்னா இன்னொரு மத்தேய் போவான்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல."

யுராஜ் இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்து, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் முகத்தில் இருந்த பனியைத் துடைத்துவிட்டான்.

கேப்டன் பார்ட்டோஷ் இதை நம்ப மறுத்தார், பிறகு நம்பினார், பிறகு யோசித்தார். மேலிடத்திலிருந்து எதிர்ச்சரிவைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்துகொண்டே இருந்தது. இயந்திரத் துப்பாக்கி இருக்கும்வரை அந்தச் சரிவில் யாரும் ஏற முடியாது. ஒருநாள் மரக்கட்டை இழுக்கும் பனிவண்டி ஒன்றில் கம்பத்தை நட்டு ஆணி அடிக்கச் சொன்னார். கைகள் பின்னால் கட்டியிருந்த ஆதாமைக் கூப்பிட்டு, "நீ துப்பாக்கி தூக்க வேணாம். உன்னையே தூக்கிட்டுப் போறோம்" என்றார்.

ஆதாமுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தன்னை முன்னால் தள்ளிக்கொண்டு போவார்கள், எதிரிகளின் துப்பாக்கிகள் ஊமையாகும், எங்கள் ஆட்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பள்ளத்தில் குதிப்பார்கள். "ஐயா, அவிழ்த்துவிடுங்க" என்றான். அதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

"தாராளமா." கேப்டன் ஒரு துப்பாக்கியை எடுத்து நீட்டினார். "இதை வாங்கிக்கோ. இப்பவே அவிழ்க்கச் சொல்றேன்."

ஆதாம் ஒரு துப்பாக்கியை அவ்வளவு நேரம் பார்த்ததை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. வாங்கினால் அவன் படைவீரன். வாங்காவிட்டால் அவனே ஆயுதம். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அவன் வாங்கிவிட வேண்டும் என்று விரும்பினார்கள், பாதிப்பேர் வாங்கிவிடுவானோ என்று பயந்தார்கள்.

"இல்லைங்கய்யா" என்றான் கடைசியில். அந்த ஒரு சொல்லைப் பற்றி அவன் பிறகு சாகும்வரை யோசித்துக்கொண்டிருந்தான்.

விடியும்போது பனிவண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். ருஷ்யர்கள் சுட்டார்கள், சொடுக்குச் சத்தம் மட்டும் வந்தது. எங்கள் ஆட்கள் குதித்தார்கள். ருஷ்யர்களிடமும் கத்தி இருந்தது, மண்வெட்டி இருந்தது, கல் இருந்தது. துப்பாக்கிச் சத்தமே இல்லாததால் எல்லாம் கேட்டது. வெளியே பனிவண்டியில் தொங்கிக்கொண்டிருந்த ஆதாமுக்கு ஒவ்வொரு சத்தமும் என்னவென்று தெரியும். இது விலாவில் தட்டித் திரும்பியது, இது உள்ளே போனது, இவனுக்குக் காற்று தொண்டையில் இறங்கவில்லை, இவன் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான். கண்ணை மூடினால் கூடுதலாகக் கேட்டது. சூரியன் மேலே வந்தபோது சரிவு எங்களுடையதாகிவிட்டது. கேப்டனுக்குப் பதக்கம் தருவதாகச் செய்தி வந்தது. எல்லோருக்கும் ரம் ஊற்றினார்கள். யாரும் பாடவில்லை.

அடுத்த சரிவுக்கு மறுநாளே போக வேண்டும் என்றார்கள். காலையில் யுராஜ் கயிறில்லாமல் வந்து நின்றான்.

"கயிறு எங்க?" என்றார் கேப்டன்.

"கட்ட மாட்டேங்கய்யா."

"நீயும் அந்தச் சபையில சேந்துட்டியா?"

"சேரல. நேத்து நீங்க ஊத்தின ரம்மைக் குடிச்சேன், இன்னிக்கு ஊத்தினாலும் குடிப்பேன். நேத்து ஒருத்தனைக் குத்தினேன். தாடிக்காரன், என் வயசு. துப்பாக்கி வெடிக்கலன்னதும் அதைக் கீழ போட்டுட்டுக் கையை நீட்டி, 'பொறு'ன்னான். அவங்க பாஷையில அது நம்ம பாஷை மாதிரியேதாங்கய்யா இருக்கு. நல்லாப் புரிஞ்சுது. நான் பொறுக்கல."

"அது போர்."

"ஆமாங்க. இனிமே நான் பொறுக்கப் போறேன்."

எதிரியின் முன்னால் உத்தரவை மறுத்தவனுக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிட்டார்கள். சுடுவதற்கு ஆட்களை எடுத்தார்கள். அப்போதுதான் கேப்டனுக்கு ஞாபகம் வந்து, ஆதாம் பிரேஷை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டக் கூடாது என்று உத்தரவிட்டார். அவனை அதிகாரிகளின் கூடாரத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பளி போர்த்தினார்கள். சர்க்கரை போட்ட காப்பியை ஒருவன் அவன் வாயில் ஊட்டினான். இரண்டு காவலர்கள் அவன் கைகளைத் தேய்த்துவிட்டார்கள்.

யுராஜை வெளியே அழைத்துப்போவதைப் பார்த்ததும் ஆதாம் காப்பியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என்னைக் கட்டுங்க" என்றான். காவலர்கள் அவனைத் திரும்ப உட்காரவைக்கப் பார்த்தார்கள். வெளியே ஓடிவந்து, தினமும் தனக்கு ரொட்டி ஊட்டியவர்களைப் பார்த்துக் கத்தினான். அந்தச் சின்னக் குரலில் அவன் கத்தியது அந்த ஒரு தடவைதான். "கட்டுங்கடா! தினமும் கட்டினீங்களேடா, இன்னிக்கு ஒருநாள் கட்டுங்கடா! எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. கட்டுங்க!" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தச்சன் ஒருவன் மட்டும் குனிந்து கயிற்றின் நுனியை எடுத்தான். காவலன் துப்பாக்கிக் கட்டையால் அவன் மணிக்கட்டை அடித்து உடைத்தான்.

பாறைக்கு முன்னால் நின்ற யுராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்ள, சும்மா இரு" என்றான். "யுதிதாகிட்டச் சொல்லு. உங்க சபையில நான் சேரலைன்னு சொல்லு. அவ சந்தோஷத்துல தப்பா நெனச்சுக்கப் போறா."

ஆதாம் தன் கைகளைத் தானே பின்னால் தள்ளிச் சேர்க்கப் பார்த்தான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை. பனியில் கட்டைவிரல் நுனியில் எழும்பி நின்றான், குதிகால் படாமல், கம்பத்தில் தொங்குவது போலவே, உடம்பு நடுங்க. அப்படியே நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கிகள் ஒன்றுகூடத் தவறாமல் வெடித்தன.

அதற்குப் பிறகு அவனைக் கட்டியும் பயனில்லை. அவனுக்குப் பக்கத்திலேயே குண்டுகள் வெடித்தன. இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேப்டன் அவனைக் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார். வசந்தத்தில் கேப்டனும் அவர் பிரிவில் பெரும்பகுதியும் அதே மலையில் செத்தார்கள். போர் முடிந்தது, அரசன் போனான், எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க நாடு மாறியது. ஆதாம் தொங்கும் கைகளோடு வீட்டுக்கு வந்தான். யுதிதா அவனை உள்ளே உட்காரவைத்து, கசகசா தூவிய நூடுல்ஸைக் கரண்டியால் ஊட்டினாள். பாதித் தட்டு ஆனதும், "அண்ணன் கடைசியா ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டாள்.

ஆதாம் அதை அப்படியே சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள், "நீ அந்தத் துப்பாக்கிய வாங்கியிருந்தா?"

"வாங்கியிருந்தா பனிவண்டி போயிருக்காது. அண்ணன் இருந்திருப்பான்."

"அப்புறம் ஏன் வாங்கல?"

"அன்னிக்கு வாங்க முடியல. இன்னிக்கு நீட்டினாலும் முடியாதுன்னுதான் தோணுது. அதனால நான் செஞ்சது சரின்னு ஆயிடாது."

யுதிதா மறுபடி உட்கார்ந்து மீதியையும் ஊட்டினாள். புதிய நாட்டுக்காரர்களும் வந்து, பழைய படைவீரர்கள் எல்லோரும் புதிய அரசனுக்குக் கைதூக்கி உறுதிமொழி சொல்ல வேண்டும் என்றார்கள். ஆதாமால் கையைத் தூக்க முடியாது. வாயால் சொன்னால் போதும் என்றார்கள். அவன் வாயாலும் சொல்லவில்லை. அதற்கும் சிறை கொடுத்தார்கள், இருந்துவிட்டு வந்தான்.

சில வருஷம் கழித்து இருவரும் அனுமதிச் சீட்டு வாங்கி, பல ரயில் மாறி அந்த மலைக்குப் போனார்கள். அது இப்போது இரண்டு புதிய நாடுகளின் எல்லையாக இருந்தது. போலந்துக் காவலன் ஒருவன் வழிகாட்டினான். பாறைக்கு முன்னால் யுராஜைப் புதைத்த மேடு இருந்தது, புல் முளைத்திருந்தது. காவலன் தோளில் இருந்த துப்பாக்கியை இறக்கிப் பாறையில் சாய்த்துவைத்தான்.

"இந்த இடத்துல இது வெடிக்காதுங்க" என்றான். "தோட்டாவையும் மாத்திப் பாத்தோம், துப்பாக்கியையும் மாத்திப் பாத்தோம். முன்னாடி சாவடி இங்கதான் இருந்துச்சு. இப்ப அந்த மரத்துக்கு அந்தாண்ட மாத்திட்டோம். எதிர்நாட்டுக்காரங்களும் மாத்திட்டாங்க."

யுதிதா மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆடு மேய்ப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம் என்றான் காவலன். நல்ல புல் இருப்பதால் மந்தை அங்கேதான் போகிறது. ஓநாய்களுக்கும் அந்த இடம் பழகிவிட்டது. நாயை வைத்தும் தடியை வைத்தும் விரட்டிப் பார்ப்பார்கள். எப்படியும் பனிக்காலத்துக்கு இரண்டு மூன்று ஆடு போகும். போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.